இடது மூலையில் ஒரு பெருக்கல் குறி

இப்படிப்பட்ட சமாசாரங்களை யாராவது சொன்னால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். எங்கள் தெருவில் ஒருவர், செத்துப்போன தன் தம்பியின் ஸ்கூட்டர் ஹார்ன் தானாக அடிக்கிறது என்றார். வயர் எங்கேயோ உரசுகிறது, டேப் சுற்றுங்கள் என்றேன். சுற்றினார், நின்றுவிட்டது. அதை நான் பத்துப் பேரிடமாவது சொல்லிக் காட்டியிருப்பேன். அவர் முகம் அன்றைக்கு எப்படி வாடிப்போனது என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

பேய்க்கதை என்றால் நடுராத்திரி வேண்டும், கரண்ட் போக வேண்டும், நாய் ஊளையிட வேண்டும். எனக்கு நடந்தது பட்டப்பகலில், செகந்திராபாத் பக்கம் போலாரத்தில் என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், தலைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தபோது. நீங்கள் நம்பப்போவதில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

ராணுவத்துக்கு ரேடியோ கருவிகள் செய்து கொடுக்கும் ஒரு மத்திய அரசுத் தொழிற்சாலையில், பழுது ஆய்வுப் பிரிவில் முப்பத்துநான்கு வருடம் வேலை பார்த்தேன். எல்லைகளிலிருந்து கோளாறு என்று திரும்பி வரும் ஒவ்வொரு கருவியோடும் ஒரு சீட்டு கட்டியிருக்கும். என்ன கோளாறு என்று அதைப் பயன்படுத்துகிறவர் எழுதியிருப்பார். நாங்கள் கருவியை எங்கள் மேஜையில் வைத்து மின்சாரம் கொடுத்துப் பார்ப்போம். எங்கள் கையில் அந்தக் கோளாறு வராவிட்டால், சீட்டின் மேல் ‘பழுது இல்லை’ என்று முத்திரை குத்தித் திருப்பி அனுப்பிவிடுவோம். கருவி நன்றாக இருக்கிறது, கோளாறு உன்னிடம்தான் என்று அதற்கு அர்த்தம். ஒருமுறை ஒரு ஹவில்தார் தன் பெட்டியைத் தானே சுமந்துகொண்டு வந்து, “ஸாப், உங்க மேஜையில இது நல்லாத்தான் பேசும். எங்க மலைக்கு வந்து பேசச் சொல்லுங்க” என்று இந்தியில் சொன்னார். நாங்கள் நான்கு பேரும் சிரித்தோம். அவருக்கும் முத்திரைதான்.

என் மனைவி வசந்தா செகந்திராபாத்திலேயே பிறந்து வளர்ந்தவள். அவளுடைய கொள்ளுத்தாத்தா வெள்ளைக்காரன் காலத்தில் கண்டோன்மென்டுக்கு வேலைக்கு வந்தவர். ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’ என்பாள், வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்பாள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நான் அதைக் கல்யாணமான புதிதில் கேலி செய்வேன். போகப்போக நானே கறிகாய்க்காரனிடம் ‘நக்கோ’ சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

சென்ற வருடம் அவளுடைய போனில் விளம்பரங்கள் வர ஆரம்பித்தன. சமையல் வீடியோ பார்த்துக்கொண்டிருப்பாள், திடீரென்று திரை முழுவதும் ஒரு விளம்பரம் வந்து உட்காரும். மூடுவதற்கு ஏதாவது ஒரு மூலையில் சின்னதாகப் பெருக்கல் குறி இருக்கும் அல்லவா, எல்லாரும் க்ராஸ் என்கிறோமே, அதைத் தொட வேண்டும். ஆரம்பத்தில் அவளே தொட்டு மூடிவிடுவாள். ஒரு கட்டத்துக்குப் பிறகு என்னிடம் கொண்டுவர ஆரம்பித்தாள்.

“என்னங்க, இது மறுபடி வந்துருச்சு. மூடவே மாட்டேங்குது.”

“க்ராஸை அமுக்கு.”

“க்ராஸே இல்லைங்க இதுல.”

வாங்கிப் பார்ப்பேன். இடது மூலையில் இருக்கும். தொடுவேன், மூடிக்கொள்ளும். “இதோ இருக்கே. கண்ணை எங்க வச்சிருக்கே?” என்பேன்.

“நிஜமாங்க, அந்தப் பக்கம் எனக்கு ஒண்ணும் இல்லை.”

“பழுது இல்லை மேடம். அடுத்த கம்ப்ளெயின்ட் என்ன?” என்று முத்திரை குத்துவதுபோல மேஜையில் முஷ்டியால் ஒரு குத்துக் குத்திப் போனைத் திருப்பிக் கொடுப்பேன். முதல் சில தடவை அவளும் சிரித்தாள். பிறகு நான் கத்த ஆரம்பித்தேன். “கைக்குங்க இப்படிக் கத்தறீங்க? தெரியலைன்னுதானே கேக்கறேன்” என்பாள். ஏன் கத்துகிறாய் என்பதற்குக்கூட அவளுக்கு இந்த ஊர்ச் சொல்தான் வரும். மூடத் தெரியாமல் அங்கேயும் இங்கேயும் தொட்டுத் தொட்டு, அந்தப் போனில் ஏதேதோ ஆப்கள் இறங்கிக் குப்பையாகிவிட்டது.

இப்போது கவனியுங்கள். குறி வலது மூலையில் இருந்தால் அவளே மூடினாள். இடது மூலையில் இருந்தால்தான் என்னிடம் வந்தாள். போன மாதம் வரை இரண்டையும் மூடியவள் இந்த மாதம் ஒன்றை மட்டும் மூட முடியாமல் தவிக்கிறாள் என்றால், பழுது ஆய்வில் முதல் நாள் சேர்ந்தவனுக்குக்கூடக் கேள்வி எழும். எனக்கு எழவில்லை. தட்டில் இடது பக்கம் வைத்த பொரியல் அப்படியே மிச்சம் இருக்கும். ஏன் வீணாக்குகிறாய் என்றால், “எங்க வச்சேன்?” என்பாள். இந்தக் கையால் நானே தட்டைத் திருப்பி வைப்பேன், “அட” என்று சொல்லிச் சாப்பிடுவாள். இந்தக் கையால்தான். மூன்று மாதம் இப்படிப் போயிற்று.

ஒருநாள் காலையில் சமையலறையில் விழுந்தாள். மூளையின் வலது பக்கம், பின்புறத்தில் கட்டி. அதனால் இடது பக்கப் பார்வை பாதி போயிருக்கும், அப்படிப் போனது நோயாளிக்கே சரியாகத் தெரியாது, ‘இல்லை’ என்றுதான் தோன்றும் என்று டாக்டரம்மா விளக்கினார். பிறகு என்னைக் கேட்டார், இரண்டு மூன்று மாதமாகப் பார்வையில் ஏதாவது சிரமம் என்று சொன்னார்களா, இந்தப் பக்கம் தெரியவில்லை என்ற மாதிரி?

எங்கள் மகள் சுதா என் பக்கத்தில் நின்றிருந்தாள்.

“இல்லை டாக்டர். ஒண்ணும் சொன்னதில்லை” என்றேன்.

முன்பே வந்திருந்தால் எவ்வளவோ செய்திருக்கலாம் என்று அவர் சொன்னது கோபமாகச் சொன்னதல்ல. ஆபரேஷனுக்குப் பிறகு வசந்தாவுக்குச் சரியாக நினைவு திரும்பவில்லை. நாற்பத்தொரு நாள் இருந்தாள்.

சுதாவுக்கு ஊரின் மறுகோடியில், கச்சிபௌலியில் வேலை, வீடும் அங்கேதான். அந்த மூன்று மாதத்தில் ஆபீஸில் ஏதோ நெருக்கடி, ஒரே ஒரு தடவைதான் வந்திருந்தாள். அம்மா போன பிறகு அவள் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாள். “வாரா வாரம் வந்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும்பா. அம்மாவோட உக்காந்து சாப்பிட்டிருந்தாலே தெரிஞ்சிருக்கும்.” அந்த நோயைப் பற்றி இருப்பதையெல்லாம் தேடித் தேடிப் படித்தாள். தூங்குவதில்லை. வேலையிலிருந்து நீண்ட விடுப்பு எடுத்தாள். அவளுடைய வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டு, “நீங்க சொன்னா கேப்பா மாமா, அவ மேல தப்பே இல்லைன்னு எடுத்துச் சொல்லுங்க” என்று கெஞ்சினார். சொன்னேன். உன் மேல் தப்பில்லை என்று வாய் நிறையச் சொன்னேன். யார் மேல் என்று சொல்லவில்லை. என் தப்பை என் மகள் சுமந்து இளைத்துக்கொண்டிருந்தாள், நான் எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். சொன்னால் அவள் பிழைத்துக்கொள்வாள், ஆனால் எனக்கு மிச்சமிருந்த ஒரே ஆள் போய்விடுவாள். அதுதான் கணக்கு. எனக்குச் சாதகமாகவே போட்டுக்கொண்டேன்.

வசந்தா போய் ஆறு மாதம் இருக்கும், என் போனில் விளம்பரம் வர ஆரம்பித்தது.

அதில் எனக்கு ஒரு உற்சாகம்கூட வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். ரொம்ப நாளைக்குப் பிறகு கையில் ஒரு பழுது. நோட்டுப் புத்தகம் போட்டு, வந்த நேரம், அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன் எல்லாம் எழுதினேன். இதில் ஒரு முறை உண்டு. விளம்பரம் திரையில் இருக்கும்போதே, திறந்திருக்கும் ஆப்களின் பட்டியலை எடுத்துப் பார்க்க வேண்டும். எந்த ஆப் அதை அனுப்புகிறதோ அதன் படம் அங்கே மாட்டும். அப்படி டார்ச் ஆப் ஒன்று மாட்டியது, நீக்கினேன். செட்டிங்ஸில் போய், மற்றவற்றின் மேல் தோன்ற எவையெவைக்கு அனுமதி இருக்கிறது என்று பார்த்தேன். பேட்டரியைச் சுத்தப்படுத்துகிறேன் என்று ஒன்று, பஞ்சாங்கம் என்று ஒன்று. இரண்டையும் நீக்கினேன். பத்தில் ஒன்பது விளம்பரம் நின்றது.

ஒன்று நிற்கவில்லை.

பகல் ஒரு மணியிலிருந்து ஒன்றரைக்குள், நான் சாப்பிட உட்காரும் வேளையில் வரும். மற்ற விளம்பரங்களைப் போல அதில் எழுத்து எதுவும் இல்லை, எதை விற்கிறார்கள் என்றும் தெரியாது. வலது பாதியில் ஒரு சாப்பாட்டு மேஜையின் முனை, ஒரு காலி நாற்காலி, வெளிச்சம் விழுகிற ஜன்னல். இடது பாதியில் ஒன்றும் இல்லை. வெள்ளை என்று சொல்லலாமா என்று யோசித்துப் பார்த்தேன், வெள்ளையும் இல்லை, கறுப்பும் இல்லை. முதுகுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? அப்படி. மூட எந்த மூலையிலும் குறி இல்லை.

திறந்திருக்கும் ஆப்களின் பட்டியலில் அதற்குப் படமே விழவில்லை. சேஃப் மோடில் போட்டேன், நாமாக இறக்கிய எதுவும் அப்போது ஓடாது. ஒன்று பத்துக்கு வந்தது. எல்லாவற்றையும் அழித்து, கடையில் வாங்கியபோது இருந்த நிலைக்குக் கொண்டுபோனேன். வந்தது. சிம் கார்டைக் கழற்றினேன், வைஃபையை அணைத்தேன், வீட்டு மோடத்தின் பிளக்கையே பிடுங்கினேன். விளம்பரம் வருவதற்கு வழியே இல்லாத ஒரு போனை மேஜையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்று இருபதுக்கு வந்தது. அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பயந்தேன்.

மறுநாள் மெட்ரோ பிடித்து அமீர்பேட்டில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும், கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு எதையோ பற்றவைத்துக்கொண்டிருந்தார். ஒரு மணிக்குமேல்தான் வரும் என்றதும், “ரயிலா அங்கிள், டைம் வச்சுக்கிட்டு வர்றதுக்கு?” என்று சிரித்தார், இந்தியில்தான். ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். ஒன்று ஐந்துக்கு வந்தது. நீட்டினேன்.

“க்ராஸ் இருக்கே அங்கிள், லெஃப்ட்ல” என்று ஒரு விரலால் தொட்டார். மூடிக்கொண்டது. “கைக்கு டென்ஷன்? போன் சுத்தமா இருக்கு. கண்ணாடியை மாத்துங்க.” காசு நக்கோ என்று கையை ஆட்டிவிட்டார்.

அந்தக் கட்டிடத்தின் படிக்கட்டில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். பின்னால் வந்தவர்கள் திட்டிக்கொண்டே விலகிப் போனார்கள்.

அந்தச் சனிக்கிழமை சுதா வந்திருந்தாள். அம்மா போன பிறகு ஒரு சனிக்கிழமைகூட அவள் விட்டதில்லை. இரண்டு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அது வந்தது. நான் காட்ட நினைக்கவில்லை, அவளாகவே எட்டி எடுத்துப் பார்த்தாள். பார்த்ததும் முகம் ஒருமாதிரி ஆயிற்று. தூக்கமில்லாத முகம், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

“என்னப்பா இது?”

“தினம் வருதும்மா. மூட முடியலை. க்ராஸே இல்லை.”

“இருக்கே. லெஃப்ட்ல.”

“லெஃப்ட்ல ஒண்ணுமே இல்லையேம்மா.”

அவள் கையிலிருந்த கரண்டி தட்டில் விழுந்தது. “அப்பா, எழுந்திருங்க. செருப்பைப் போடுங்க.”

“சாப்பிட்டுட்டு…”

“இப்போ! ஜஸ்ட் கம்.”

காரை விரட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொரு சிக்னலிலும் என் இடது பக்கமாக விரலை நீட்டி, “தெரியுதா? எத்தனை?” என்று கேட்டுக்கொண்டே வந்தாள். எல்லாம் தெரிந்தது. இருந்தும் விடவில்லை. அதே மருத்துவமனை. கண்ணைப் பார்த்தார்கள், ஒரு பெட்டிக்குள் தலையை வைத்து வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள், பிறகு ஸ்கேன். சாயங்காலத்துக்குள் எல்லா முடிவும் வந்துவிட்டது. எதிலும் எந்தக் குறையும் இல்லை, இந்த வயதுக்கு உங்கள் பார்வை அபாரம் என்றார் டாக்டர்.

வெளியே நடைபாதையில் பெஞ்சில் சுதா உட்கார்ந்தாள். ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், இரண்டும் கலந்து என்னவோ. எட்டு மாதத்தில் அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

“எவ்ளோ பயந்துட்டேன் தெரியுமா? பட் பார்த்தீங்களாப்பா, ஒரு நிமிஷம்கூட ஆகலை, புரிஞ்சுக்கிட்டேன். அம்மாவுக்குத்தான் நான் பக்கத்துல இல்லாம போயிட்டேன்.”

இனி என்னால் முடியவில்லை. அவள் என்னை மன்னிப்பாள் என்று நினைத்துச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். அவளுடைய அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு அங்கே நிற்க முடியவில்லை, அவ்வளவுதான்.

“அம்மா சொன்னாம்மா.”

“என்ன சொன்னா?”

“அந்தப் பக்கம் ஒண்ணும் இல்லைன்னு. எங்கிட்ட. மூணு மாசம் போனை எடுத்துட்டு வந்து வந்து சொன்னா. நான் கேலி பண்ணினேன். அப்புறம் கத்தினேன்.”

“டாக்டர் கேட்டாங்களே. நான் அங்கதானே நின்னேன்.”

“பொய் சொன்னேன்.”

“எயிட் மன்த்ஸ்” என்றாள். “எயிட் மன்த்ஸ் அப்பா. நான் டெய்லி…” கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை எடுத்து எனக்கு ஒரு கேப் புக் செய்தாள். வாசல்வரை கூடவே நடந்து வந்தாள், வண்டி வந்ததும் பின்கதவைத் திறந்துவிட்டாள். டிரைவரிடம் சொல்ல வேண்டிய நான்கு இலக்க எண்ணைச் சொன்னாள். அந்த நான்கு எண்கள்தான் என் மகள் என்னிடம் கடைசியாகப் பேசியவை.

அன்றோடு அந்த விளம்பரம் நின்றுவிட்டது. எப்படி வந்தது, எப்படி நின்றது என்று எனக்குத் தெரியாது. நோட்டுப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தின் அடியில் காரணம் என்று எழுதி இடம் விட்டிருக்கிறேன்.

சுதா இப்போது தூங்குகிறாளாம், மறுபடி வேலைக்குப் போகிறாளாம். அவள் வீட்டுக்காரர் சொன்னார். அவர்தான் பதினைந்து நாளைக்கு ஒருமுறை கூப்பிட்டு நான் இருக்கிறேனா என்று விசாரிக்கிறார். அவள் சனிக்கிழமைகளில் வருவதில்லை. நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. அது நியாயம்தான், எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை.

போன வாரம் அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இரண்டு மாதத்தில் முதல் செய்தி. அவளுக்குத் தமிழ் எழுதத் தெரியாது, ஆங்கில எழுத்தில் அடித்திருந்தாள். எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

“அந்த விளம்பரத்துல லெஃப்ட் சைடு யாரு உக்காந்திருந்தாங்கன்னு நீங்க ஒரு தடவைகூட என்னைக் கேக்கலை.”

கடைக்காரரிடமும் கேட்கவில்லை, அவளிடமும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிகிறது என்றானபோது, என்ன தெரிகிறது என்று கேட்க வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. உடனே அடித்தேன், “யாரும்மா?” என்று. அவள் படித்துவிட்டாள் என்பதற்கு இரண்டு நீலக் குறிகள் விழுந்தன. பதில் வரவில்லை. மறுநாளே அமீர்பேட் போனேன். “தினம் நூறு போன் பாக்கறேன் அங்கிள், எந்த விளம்பரம்னு நான் ஞாபகம் வச்சுக்கறது?” என்றார் கடைக்காரர்.

இப்போது தினமும் ஒரு மணிக்குப் போனை எதிரில் வைத்துக்கொண்டு உட்காருகிறேன். நீக்கியவற்றையெல்லாம்கூட மறுபடி இறக்கிவிட்டேன், டார்ச், பேட்டரி, பஞ்சாங்கம் எல்லாம். என்னென்னவோ வருகிறது. அது வருவதில்லை.